அனுமதி முத்திரைக்கு முன்னால்

(தேசிய அறிவியல் நாளையொட்டிக் கல்லூரி ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உயிர்க்கொல்லி ரசாயனங்களும் சுற்றுச்சூழல் இடர் மதிப்பீடும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு கொஞ்சம் கனமானது. ஆனால் விஷயம் நம் வீட்டுக்குள் இருப்பதுதான். கொசுவர்த்திச் சுருள், கரப்பான் மருந்து, எலிப் பாஷாணம், ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் கிருமிநாசினி, குடிநீர்த் தொட்டியில் கலக்கும் குளோரின், கதவு நிலையில் கரையான் ஏறாமல் இருக்க அடிக்கும் மருந்து, கப்பலின் அடிப்பாகத்தில் பூசும் பெயிண்ட் என எல்லாம் ஒரே குடும்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இந்தக் குடும்பத்தை 22 வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

மற்ற ரசாயனங்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும் விஷயம் ஒன்று உண்டு. துணிச் சாயத்தில் நச்சு இருந்தால் அது குறை. உயிர்க்கொல்லியில் நச்சு இல்லாவிட்டால்தான் குறை. காசு கொடுத்து வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். ஆகவே, ‘இது விஷமா?’ என்று கேட்பதில் பயனில்லை. எதைக் கொல்லும், வேலை முடிந்தபின் எங்கே போய்ச் சேரும், அங்கே எத்தனை நாள் தங்கும், நாம் கொல்ல நினைக்காத எந்தெந்த உயிரைத் தொடும் என்றுதான் கேட்க வேண்டும். கடைக்கு வருவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு, விடை வாங்கி, அதன்பிறகு அனுமதிப்பதோ மறுப்பதோதான் இடர் மதிப்பீடு.

இன்று நான் வலியுறுத்த வந்தது ஒரே ஒரு கருத்தைத்தான். சோதனைச்சாலை நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு அது மௌனம் சாதிக்கும். அந்த மௌனத்தை நாம் ‘ஆபத்தில்லை’ என்று படித்துவிடுகிறோம். இந்தத் துறையில் நடந்த பெரிய விபரீதங்கள் பல அப்படித்தான் நடந்தன. அவற்றில் முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கப்பலின் அடியில்

கடலில் எந்தப் பொருளைப் போட்டாலும் அதில் உயிர்கள் குடியேறும். முதலில் நுண்ணுயிர்ப் படலம் வழவழவென்று படியும். பிறகு பாசி பிடிக்கும். அதன்மேல் கொட்டலசும் சிப்பியும் வந்து ஒட்டும். அடிப்பாகம் சொரசொரப்பான கப்பல் நீரைக் கிழித்துப் போகத் திணறும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஒட்டிக்கொண்டு போகும் உயிர்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம்பெயர்ந்து அங்கே வம்பு செய்யும். பெயிண்டில் விஷம் சேர்ப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். 1761-லேயே பிரிட்டிஷ் கடற்படை ‘அலாம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வான் டெர் கெர்க் என்ற வேதியியலாளரின் குழு, வெள்ளீயத்தோடு கரிமச் சங்கிலிகளை இணைத்த சேர்மங்கள் உயிர்களைக் கொல்வதில் மிகுந்த வீரியம் உள்ளவை என்று கண்டறிந்தது. அவற்றில் ஒன்று டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டி.பி.டி. 1960களில் அது கப்பல் பெயிண்டில் இடம்பிடித்தது. 1970களில் வந்த மேம்பட்ட பெயிண்ட், நீரில் மெல்ல மெல்லத் தேய்ந்து, தேயத் தேயப் புது விஷத்தை வெளியிட்டது. ஒருமுறை பூசினால் ஐந்தாண்டு வரை கப்பலை உலர்துறையில் ஏற்ற வேண்டாம். கப்பல் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். உல்லாசப் படகு வைத்திருந்தவர்களும் அதையே வாங்கிப் பூசினார்கள்.

ஆர்க்கஷோனில் குஞ்சு பிடிக்கவில்லை

பிரான்சின் மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் விரிகுடா இருக்கிறது. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். அங்கே கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்புக் கலவை பூசி நீரில் அடுக்குவார்கள். சிப்பிக் குஞ்சுகள் நீந்தி வந்து அந்த ஓடுகளில் ஒட்டும். பிறகு அவற்றைச் சுரண்டி எடுத்து வளர்ப்பார்கள். 1977 முதல் 1981 வரை ஓடுகளில் குஞ்சு ஏறக்குறைய ஒட்டவே இல்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடும் விகாரமானது. அடுக்கடுக்காகத் தடித்து, அடுக்குகளுக்கு நடுவே கூழ் போன்ற பொருள் நிரம்பி, உருண்டையாகிப் போனது. திறந்தால் உள்ளே சதை இல்லை. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் கொடுத்த விரிகுடா 1981-ல் 3,000 டன் கொடுத்தது.

கிளோது அல்சியே என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவரது சகாக்களும் காரணத்தைத் தேடிப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விரிகுடாவில் நின்ற ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகளின் பெயிண்டிலிருந்து கசிந்த டி.பி.டி.யே காரணம். 1982 ஜனவரியில் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தது. அடுத்த பருவத்திலேயே ஓடுகளில் மறுபடி குஞ்சு பிடித்தது. ஒரு ரசாயனத்தை நிறுத்தியவுடன் கடல் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன சம்பவங்கள் அரிது.

பிளிமத்தின் நத்தைகள்

ஆனால் எச்சரிக்கை மணி அதற்கு முன்பே அடித்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. 1970-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் ஸ்டீவன் பிளேபர் என்ற ஆய்வாளர், பாறைகளில் வாழும் ஒரு சிறு வேட்டை நத்தையில் விசித்திரம் ஒன்றைப் பார்த்தார். பெண் நத்தைகளுக்கு ஆண் குறி முளைத்திருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இன்னொரு நத்தை இனத்தில் இதே மாற்றத்தை ஸ்மித் என்பவர் பதிவு செய்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் அது அதிகம், விலகிப் போனால் குறைவு என்றும் அவர் பிற்பாடு காட்டினார். 1981-ல்தான் காரணம் டி.பி.டி. என்பது உறுதியானது. பிளிமத்தில் அந்த நத்தைகளே அருகிவிட்டன என்பதை 1986-ல் பிரையன், கிப்ஸ் ஆகியோரின் குழு ஆதாரத்தோடு வெளியிட்டது.

நடந்தது என்னவென்றால், பெண் நத்தையின் உடம்பில் ஆணின் விந்துக்குழாய் வளர்ந்து, முட்டை வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. முட்டைப் பைகள் உள்ளேயே தேங்குகின்றன. கடைசியில் நத்தை வெடித்துச் சாகிறது. இந்த இனத்தின் குஞ்சுகளுக்கு நீரில் மிதந்து வேற்றூர் போகும் பருவமும் கிடையாது. முட்டைப் பையிலிருந்து நேராகப் பாறையில் ஊர்ந்து வரும். ஒரு கரையில் அழிந்தால் பக்கத்துக் கரையிலிருந்து வந்து குடியேறப் பல ஆண்டுகள் பிடிக்கும். சிப்பி சட்டென மீண்டதற்கும் நத்தை மீளத் தாமதித்ததற்கும் இதுவே வேறுபாடு. ஒரே விஷம், ஒரே கடல். ஆனால் வாழ்க்கை முறை வேறு, ஆகவே இடரும் வேறு.

இதற்கு எவ்வளவு விஷம் தேவைப்பட்டது? ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் அளவிலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சென்னைக்கு நீர் தரும் புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பி நிற்கும்போது சுமார் 93 கிராமைக் கரைத்தால் வரும் செறிவு அது. கைப்பிடி அளவுகூட இல்லை.

நம்மோடும் இதற்கு உறவு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சங்குகுளிப்போர் எடுத்துவரும் வலம்புரி, இடம்புரிச் சங்குகள் எந்த உயிரியல் வரிசையைச் சேர்ந்தவையோ, பிளிமத்தின் அந்த நத்தையும் அதே வரிசைதான்.

சோதனை ஏன் தவறவிட்டது?

நியாயமாக எழும் கேள்வி, இது முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாதா என்பது. டி.பி.டி. நத்தையைக் கொல்லும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ஆப்பிரிக்காவில் நத்தைகள் மூலம் பரவும் ஒட்டுண்ணி நோயைத் தடுக்க, நன்னீர் நத்தைகளை ஒழிக்கும் மருந்தாகவே ஆரம்ப நாள்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் கடலில் அது நீர்த்துப்போய், தீங்கு செய்ய எட்டாத அளவுக்குக் குறைந்துவிடும் என்று நம்பினார்கள்.

அடிப்படைச் சோதனைகள் இன்றும் மூன்றுதான். பாசி 72 மணி நேரம் வளர்கிறதா. நீர்த்தெள்ளு 48 மணி நேரம் நகர்கிறதா. மீன் 96 மணி நேரம் உயிரோடு இருக்கிறதா. மீன் சோதனையில் டி.பி.டி. மைக்ரோகிராம் அளவில் கொல்லும். நத்தையின் மலட்டுத்தன்மையோ நானோகிராமில் தொடங்குகிறது. நடுவே ஆயிரம் மடங்கு தூரம். நான்கு நாளில் மீன் செத்ததா என்று கேட்டார்கள். ‘இந்த அளவில் சாகவில்லை’ என்று சோதனை நேர்மையாகவே பதில் சொன்னது. சாகாமலே ஓர் இனம் பிள்ளைப்பேறு இழந்து அழியும் என்பதைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனைக்கு வழியில்லை.

‘கடல் பெரிது, நீர்த்துவிடும்’ என்ற நம்பிக்கையையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பேனா வைத்திருக்கும் மாணவர்கள் கூடவே போடுங்கள். 1988-ல் அமெரிக்கா சட்டம் இயற்றி, இந்தப் பெயிண்ட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக்கூடாது என்றது. சதுர மீட்டருக்கு அது 40 மில்லிகிராம். கற்பனையாக ஒரு படகுத்துறையை எடுத்துக்கொள்வோம். 500 படகுகள், நீருக்கடியில் ஒவ்வொன்றுக்கும் 20 சதுர மீட்டர், ஆக 10,000 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 400 கிராம் விஷம். துறையின் நீளமும் அகலமும் 200 மீட்டர், ஆழம் 5 மீட்டர் என்றால் 20 கோடி லிட்டர் நீர். வகுத்தால் லிட்டருக்கு 2,000 நானோகிராம். கடலோடு கலந்தது, சேற்றில் ஒட்டியது, வெயிலில் சிதைந்தது என்று நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 20 நானோகிராம். நத்தைக்கு ஒன்றே அதிகம். கசிவு சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டதுதான்; நத்தைக்குத்தான் வரம்பு மீறிவிட்டது.

இந்தக் கணக்குக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். 1960களிலேயே ஒரு காகிதத் துண்டில் போட்டிருக்கலாம். கடல் முழுவதையும் மனத்தில் வைத்து யோசித்தவர்கள் படகு நிற்கும் மூலையைப் பற்றி யோசிக்கவில்லை. பிரிட்டன் 1985-ல் லிட்டருக்கு 20 நானோகிராம் என்று ஓர் இலக்கு வைத்தது. பிறகு அதை 2 ஆகக் குறைத்தது. ஓர் எண் பத்தில் ஒன்றாகக் குறைவதற்குள் எத்தனை பாறைகளில் நத்தைகள் காலியாயின!

இன்னொன்றையும் கவனியுங்கள். டி.பி.டி. போன்றவை கலந்த பெயிண்டுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2001 அக்டோபரில் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பரில். நத்தையின் உடலுக்குள் எந்த ஏற்பியை டி.பி.டி. தூண்டுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கியது 2004-ல். அதாவது, தடை முடிவான பிறகுதான் வழிமுறை துலங்கியது. முழு விளக்கம் வரட்டும் என்று சட்டம் காத்திருக்கவில்லை. அது சரியான முடிவு. நத்தைகளின் இனப்பெருக்கத்தைச் சோதிப்பதற்கான ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பின் நெறிமுறைகள் 2016-ல்தான் வந்தன. பிளேபர் பார்த்ததற்கும் இதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

இன்றைய மதிப்பீடு எப்படி நடக்கிறது?

இப்போது ஐரோப்பாவில் 2012-ஆம் ஆண்டின் 528-ஆவது ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது. 2013 செப்டம்பர் முதல் செயல்படுகிறது. முதலில் வீரியப் பொருளுக்கு ஒன்றிய அளவில் ஒப்புதல். பிறகு அதை வைத்துச் செய்யும் ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி. தரவுகளைத் திரட்டித் தர வேண்டியது விற்க வருபவரின் பொறுப்பு.

மதிப்பீட்டின் மையத்தில் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. மேலே, சுற்றுச்சூழலில் எவ்வளவு சேரும் என்ற எதிர்பார்ப்பு அளவு. கீழே, எந்த அளவுவரை தீங்கு வராது என்று கருதும் அளவு. விடை ஒன்றைத் தாண்டினால் இடர் இருக்கிறது என்று பொருள். மேல் எண்ணுக்கு, நான் சற்றுமுன் போட்ட படகுத்துறைக் கணக்கையே நீரோட்டம், அலை, சேறு, வெப்பம் எல்லாம் சேர்த்து விரிவாகப் போடும் கணினி மாதிரிகள் உண்டு. கீழ் எண்ணுக்குச் சோதனையில் கிடைத்த மிகச் சிறிய அளவை எடுத்து ஒரு பாதுகாப்புக் காரணியால் வகுப்பார்கள். மூன்று குறுகியகாலச் சோதனைகள் மட்டும் கையில் இருந்தால் நன்னீருக்கு 1,000, கடலுக்கு 10,000. நீண்டகாலச் சோதனைகள் கூடக்கூட இந்தக் காரணி 10 வரை இறங்கும். நமக்குத் தெரியாதது எவ்வளவோ அந்த அளவுக்குக் கண்டிப்பு என்பதே இதன் தத்துவம்.

நல்ல தத்துவம். ஆனால் இதையும் டி.பி.டி.யின்மீது வைத்து உரசிப் பார்ப்போம். லிட்டருக்கு 2 மைக்ரோகிராமில் மீன் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கான பத்தாயிரத்தால் வகுத்தால் 0.2 நானோகிராம்; நத்தை தப்பும். ஆனால் நத்தையைக் கேட்காத வேறு சோதனைகளைக் காட்டிக் காரணியை ஆயிரமாக இறக்கினால் 2 நானோகிராம்; அப்போது நத்தை தப்பாது. எண்ணைச் சிறிதாக்குவதால் மட்டும், சரியான உயிரைக் கேட்காத குறை தீராது. அதனால்தான் இன்றைய சட்டத்தில் வகுத்தலுக்கு முன்பே ஒரு வாசற்கதவு வைத்திருக்கிறார்கள். ஹார்மோன்களைக் குலைப்பவை, சிதையாமல் தங்கி, உடலில் சேர்ந்து, நச்சும் ஆனவை, புற்றுநோய் உண்டாக்குபவை ஆகியவற்றுக்குப் பொதுவாக ஒப்புதல் இல்லை. வேறு வழியே இல்லாத சில தேவைகளுக்கு மட்டும் ஐந்தாண்டுக்குள் அடங்கும் விலக்கு. மற்றவற்றுக்கும் ஒப்புதல் பெரும்பாலும் பத்தாண்டுதான். அதன்பிறகு திரும்பவும் கதவைத் தட்ட வேண்டும்.

மாற்று என்று வந்தது

டி.பி.டி. போன பிறகு என்ன வந்தது? செம்பு திரும்பி வந்தது. செம்புக்குச் சில பாசிகள் மசியாது என்பதால் துணைக்கு ஒரு களைக்கொல்லியைச் சேர்த்தார்கள். இர்கரால் என்பது அதன் வணிகப் பெயர். சைபியூட்ரின் என்பது பொதுப் பெயர். பாசியின் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவது அதன் வேலை. மீனுக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது என்பது அதற்குச் சாதகமாக இருந்தது. ஆனால் கடலில் ஒளிச்சேர்க்கை செய்வது கப்பலில் ஒட்டும் பாசி மட்டுமா? கடற்புல், மிதவைப் பாசி, பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி எல்லாவற்றுக்கும் அதே இயந்திரம்தான். 1993-ல் பிரான்சின் தென்கரைப் படகுத்துறைகளின் நீரில் அது இருப்பது வெளியானது. 2016-ல் ஐரோப்பா ஒப்புதல் மறுத்தது. 2021-ல் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் தடைக்கு உள்ளானது. ஒரு விஷத்தின் குறையைக் கண்டுபிடித்து, அந்தக் குறை மட்டும் இல்லாத இன்னொரு விஷத்தை அமர்த்துவதற்கு மாற்று என்று பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

நம் பக்கம்

இந்தியாவுக்கு வருகிறேன். 1958-ல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றப்பட்ட பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கோதுமை மாவில் கலந்ததே காரணம். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். வயலுக்கு அடிக்கும் மருந்து மட்டுமல்ல, வீட்டுக் கொசு மருந்தும் எலி மருந்தும்கூட அந்தச் சட்டத்தின்கீழ் மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும்.

மனித உயிர் போன இடத்தில் பிறந்த சட்டம் என்பதால் அதன் கண் மனிதன்மீதே அதிகம் பதிந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துப் பாருங்கள். சாய்சதுர அடையாளத்தின் கீழ்ப் பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் அதிதீவிர நச்சு. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாக இறங்கும். சோதனை விலங்கின் உடல் எடைக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி விலங்குகள் சாகும் என்ற கணக்கில் வைத்த நிறம் அது. நாமும் பாலூட்டி, அந்த விலங்கும் பாலூட்டி. அந்தத் தகவல் நமக்குத் தேவைதான். ஆனால் அந்த நிறம் மீனைப் பற்றியோ இறாலைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. கொசு மருந்துகளில் அதிகம் பயன்படும் பைரித்ராய்டு வகை, மனிதருக்கு ஒப்பளவில் குறைந்த நச்சு. மீனுக்கும் இறாலுக்கும் கடும் நச்சு. மீதியைச் சாக்கடையில் ஊற்றுகிறவர் நிறத்தைப் பார்த்துத் தைரியமாக ஊற்றுகிறார்.

பதிவுக் குழு மீன், பறவை, தேனீ, மண்புழு ஆகியவற்றின் மீதான சோதனைத் தரவுகளையும் கேட்கத்தான் செய்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. முறையான பதிவு ஒருமுறை கிடைத்துவிட்டால், இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு 1968 சட்டத்தில் இல்லை. வேறு நாடுகளில் தடையான, இங்கே புழங்கிவந்த 66 மருந்துகளை ஆராய 2013-ல் அனுபம் வர்மா தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் அடிப்படையில் 2018-ல் 18 மருந்துகளைத் தடை செய்தார்கள். நல்லது நடந்தது. ஆனால் நாள்காட்டிப்படி நடக்க வேண்டியது ஒரு குழு அமைந்ததால் நடந்தது. 

முடிக்கும் முன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் இல்லையென்றால் காலரா வரும். கிருமிநாசினி இல்லாமல் அறுவை சிகிச்சை இல்லை. சோதனைகளுக்குப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் பிடிக்கின்றன; பல்லாயிரம் விலங்குகளின் உயிரும் போகிறது. எல்லாவற்றையும் எல்லா உயிரிடமும் சோதித்துவிட முடியாது. தடுக்கும் சட்டம் மட்டுமே போதாது. தேவையானதை நியாயமான காலத்தில் அனுமதிக்கும் சட்டமும் வேண்டும். ஆனால் மதிப்பீடு என்பது எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இன்றைய அறிவைக் கொண்டு எடுத்த தற்காலிக முடிவு என்பதை ஒப்புக்கொண்டால், அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும். அனுமதிக்குக் காலக்கெடு வேண்டும். அனுமதிக்குப் பிறகு நீரையும் சேற்றையும் அளந்து பார்க்க ஆள் வேண்டும். சோதனைத் தரவுகள் யாரும் படிக்கும்படி வெளியில் இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து தூத்துக்குடிக்கோ காசிமேட்டுக்கோ படிக்கப் போவீர்கள், வேலைக்குப் போவீர்கள். துறைமுகப் பாறையில் இருக்கும் நத்தைகளை எண்ணிப் பதிவு செய்யும் வேலைக்குப் பெரிய கருவி வேண்டாம், பொறுமை போதும். 1970-ல் பிளேபர் செய்தது அதைப் போன்ற வேலைதான். அப்படி எழுதி வைத்த பக்கங்களும் சேர்ந்துதான் பிற்பாடு சட்டத்தை மாற்றின. நம் கரைகளிலும் அந்தப் பக்கங்களை எழுதத் தொடங்குங்கள். அடுத்த அனுமதிக் கோப்பு மேசைக்கு வரும்போது அவை அதோடு சேர்த்துப் படிக்கப்படட்டும்.